கம்பு கற்றால் கை தேறுமா?

தற்காப்புக் கலை பற்றித் தமிழில் வரும் கட்டுரைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வந்துவிடும்: "ஆயுதம் என்பது கையின் நீட்சி." அதன் பின்னாலேயே ஒரு பட்டியலும் வரும். கம்பு சுற்றினால் தோள் வலுக்கும், மனம் ஒருமைப்படும், இடது கையும் வலது கைபோல் ஆகும், அனிச்சைச் செயல் கூர்மையாகும், வெறுங்கைச் சண்டை தானாகவே மேம்படும். கராத்தே, சிலம்பம், களரி, குங்ஃபூ என்று எந்தக் கலையை எடுத்தாலும் பட்டியல் மாறாது. இதை யாரும் உரசிப் பார்ப்பதில்லை. உரசினால் கலையைக் குறை சொல்கிறோம் என்று ஆகிவிடுகிறது.

இப்போது உரசிப் பார்க்க வேண்டிய தேவை வந்திருக்கிறது. சிலம்பம் தெருமுனையிலிருந்து பள்ளி மைதானத்துக்கு வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கான 3 சதவீத ஒதுக்கீட்டில் அதற்கும் இடம் கிடைத்திருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டிகளில் காட்சி விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வாரத்துக்கு நாலைந்து மணி நேரம் இதில் செலவழிக்கிறார்கள். பெண் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோரில் பலர் "தற்காப்புக்கு ஆகும்" என்று நம்பித்தான் அனுப்புகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் என்ன கொடுக்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெறுங்கைக் கலை பயில்கிறவர் கட்டாயம் ஏதாவது ஓர் ஆயுதம் பழக வேண்டும். ஆனால் அதனால் கிடைக்கும் பலன் அந்தப் பட்டியலில் சொல்லப்படும் பலன் இல்லை. உண்மையான பலன் பயிற்சியின் எந்தப் பகுதியிலிருந்து வருகிறதோ, அந்தப் பகுதியைத்தான் நாம் இப்போது கைவிட்டுக்கொண்டிருக்கிறோம்.

"கையின் நீட்சி" என்றால் என்ன?

இந்த வாக்கியத்துக்கு அறிவியல் ஆதாரம் உண்டு. 1996இல் ஜப்பானில் இரிக்கியும் அவருடைய சகாக்களும் குரங்குகளுக்கு ஒரு சிறு வாரியைக் கொடுத்து, எட்டாத தூரத்தில் இருக்கும் தீனியை இழுத்து எடுக்கப் பழக்கினார்கள். கையையும் கையைச் சுற்றியுள்ள இடத்தையும் கவனிக்கிற மூளைச் செல்கள் சில, பழகிய பிறகு வாரியின் நுனி வரைக்கும் உள்ள இடத்தைக் 'கைப்பக்கம்' என்று கணக்கெடுக்கத் தொடங்கின. 2009இல் கார்டினாலி குழுவினர் மனிதர்களிடம் இதை வேறு விதமாகச் சோதித்தார்கள். நீளமான இடுக்கி போன்ற ஒரு கருவியால் பொருள்களை எடுக்கச் சொன்னார்கள். கருவியைக் கீழே வைத்த பிறகும் சற்று நேரத்துக்கு அவர்கள் தங்கள் கை நீளமாகிவிட்டது போலவே நடந்துகொண்டார்கள். முழங்கையும் விரல் நுனியும் எங்கே இருக்கின்றன என்று காட்டச் சொன்னால், இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தைக் கூட்டிக் காட்டினார்கள்.

ஆக, கம்பு கையாக மாறுவது நிஜம். ஆனால் இதிலிருந்து "கம்பு பழகினால் கை சிறக்கும்" என்று தாவுவதுதான் தவறு. இந்தச் சோதனைகள் காட்டுவது, உடல் ஒரு கருவியை எவ்வளவு சீக்கிரம் தனதாக்கிக்கொள்கிறது என்பதை. கருவியைக் கீழே வைத்தபின் வெறுங்கை மேம்பட்டது என்று அவை காட்டவில்லை. சொல்லப்போனால் கார்டினாலி சோதனையில் கருவிக்குப் பிறகு வெறுங்கை பொருளை நோக்கிப் போன வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்தது, நீளமான கையை நகர்த்துவதுபோல. சண்டைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த வாக்கியத்தை அறிவியல் மாதிரி எடுத்து வீசுகிறவர்கள் அதன் திசையையாவது சரியாகச் சொல்ல வேண்டும். கையிலிருந்து கம்புக்குப் போகிற பாதை திறந்திருக்கிறது. கம்பிலிருந்து கைக்குத் திரும்பி வருகிற பாதை தானாகத் திறப்பதில்லை.

ஒரு பயிற்சி இன்னொன்றுக்கு எப்போது உதவும் என்ற கேள்வி பழையது. 1901இல் தார்ன்டைக், உட்வொர்த் இருவரும் சோதனை செய்து ஒரு முடிவுக்கு வந்தார்கள்: இரண்டு வேலைகளுக்கும் பொதுவான கூறுகள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்குத்தான் ஒன்று மற்றதற்கு உதவும். அதற்குப் பிறகு உடலசைவுப் பயிற்சி பற்றி நடந்த ஆய்வுகளும் பெரும்பாலும் இந்தப் பக்கமே சாய்கின்றன. 'பொதுவான சுறுசுறுப்பு' என்று ஒன்றைத் தனியாகச் சேமித்து வைத்து வேண்டியபோது செலவழிக்க முடியாது. நம் கேள்வியும் இதனால் எளிதாகிறது. கம்புச் சண்டைக்கும் கைச் சண்டைக்கும் பொதுவான கூறுகள் எவை?

பொதுவில்லாதவை

முதலில் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். நெற்றி உயரக் கம்பு, சுமார் ஐந்தரை அடி. அலங்கார வீச்சில் அதைப் பெரும்பாலும் நடுப்பக்கம் பிடித்துச் சுழற்றுகிறோம். இயற்பியல் பாடப்புத்தகத்தில் இருக்கும் கணக்குதான்: சீரான ஒரு தடியை நடுவில் வைத்துச் சுழற்றுவதைவிட ஒரு முனையில் பிடித்துச் சுழற்றுவதற்கு நாலு மடங்கு நிலைமம் எதிர்த்து நிற்கும். நடுவில் பிடித்தால் கம்பு தானே ஓடும், கை அதற்கு வழிவிட்டால் போதும். பார்வைக்கு வேகம் பிரமாதமாக இருக்கும். ஆனால் எட்டும் தூரம் கைக்கு அப்பால் இரண்டே முக்கால் அடிதான், தாங்கும் சுமையும் குறைவு. மணிக்கட்டு நெகிழும், தோள்மூட்டு இளகும், தாளம் பிடிபடும். நல்ல விஷயங்கள்தான். ஆனால் குத்துக்கு வேண்டியது தரையிலிருந்து இடுப்பு வழியாக முஷ்டிக்கு நேர்கோட்டில் வரும் விசை. மணிக்கட்டு நெகிழக் கூடாது, இறுகி நிற்க வேண்டும். இங்கே பொதுக் கூறு கிட்டத்தட்ட எதுவும் இல்லை.

அடுத்து 'அனிச்சை'. இரண்டு மணி நேரம் விடாமல் கம்பு சுற்றிச் சாதனை என்று செய்தி வரும். பிள்ளைகளின் பொறுமையும் தெம்பும் மெச்ச வேண்டியவை, சந்தேகமில்லை. ஆனால் எதிரே ஆள் இல்லாத இடத்தில் எதிர்வினை எப்படி வளரும்? அடுத்து என்ன நடக்கும் என்று சுற்றுகிறவருக்கு முன்கூட்டியே தெரியும். தெரிந்ததைத் திரும்பத் திரும்பச் செய்வது மனப்பாடம். அதனால் நடனத்துக்கு வேண்டிய நினைவு வளரும். தாக்குதலைப் படிக்கும் கண் அதனால் வளராது.

"மனம் ஒருமைப்படும்" என்பதை விட்டுவிடுகிறேன். கோலம் போட்டாலும் ஒருமைப்படும்.

பொதுவானவை

இப்போது எதிரே ஓர் ஆளை நிறுத்துவோம். கணக்கே மாறிவிடுகிறது.

ஒருவர் கம்பின் அடிப்பகுதியைப் பிடித்து வீசுகிறார். கைக்கும் நுனிக்கும் இடையே 1.2 மீட்டர். வினாடிக்கு இரண்டு சுற்று என்று வைத்துக்கொண்டால் நுனியின் வேகம் வினாடிக்கு சுமார் 15 மீட்டர். பயிற்சி பெற்ற குத்துச்சண்டைக்காரரின் முஷ்டி உச்சத்தில் சுமார் 9 மீட்டர் வேகத்தில் வரும். கண்ணில் பட்ட ஒன்றுக்கு உடல் அசையத் தொடங்கவே கிட்டத்தட்ட 0.2 வினாடி ஆகும். அதற்குள் கம்பு நுனி 3 மீட்டர் வந்துவிட்டது. அதாவது நுனியைப் பார்த்துத் தப்பிக்க முடியாது. யாராலும் முடியாது.

அப்படியானால் கம்புக்காரர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள்? நுனியைப் பார்ப்பதை விட்டுவிடுகிறார்கள். பிடித்திருக்கும் கை, தோள், இடுப்பு, முன்கால் இவற்றைப் பார்க்கிறார்கள். இவை நுனியைவிட மெதுவாக அசைபவை, நுனிக்கு முன்னாலேயே அசைபவை. அடி கிளம்புவதற்கு முன் உடல் சொல்லிவிடும் சேதியைப் படிக்கிறார்கள். இன்னொன்று, அடி எட்டாத இடத்தில் நிற்கிறார்கள், அல்லது அடி பிறக்க முடியாத அளவுக்கு ஒட்டி நிற்கிறார்கள். நடுவில் நிற்பதில்லை.

குத்துச்சண்டைக்கு வேண்டியதும் இதே மூன்றுதான்: தூரம், நேரம், எதிராளியின் உடலைப் படிப்பது. ஆயுதம் செய்வது, இந்த மூன்றையும் பெரிதாக்கிக் காட்டுவது. வெறுங்கையில் அரை அடி தப்பு செய்தால் ஒரு குத்து வாங்கிச் சமாளித்துவிடலாம். ஒன்றை வாங்கி இரண்டு கொடுக்கிற பேரம் அங்கே செல்லும். கம்பில் அதே அரை அடிக்கு விரல்முட்டி வீங்கும், வாளில் விரலே போகும். வெறுங்கைப் பயிற்சி வருடக்கணக்கில் மன்னித்துக்கொண்டே போகும் சோம்பலை ஆயுதம் ஒரு மாலையில் கண்டுபிடித்துவிடும். பழைய ஆசான்கள் காலடியை மாதக்கணக்கில் போட வைத்ததன் நியாயமும் இங்கேதான் இருக்கிறது. கால் நகராதவன் கையில் கம்பு கொடுத்தால் அவன் கைதான் முதலில் அடிபடும்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் எஸ்கிரிமா இதை ஒரு பாடத்திட்டமாகவே ஆக்கிக்கொண்டது. அர்னிஸ் என்றும் சொல்வார்கள். 2009இல் அந்நாட்டுச் சட்டம் 9850 இதைத் தேசியத் தற்காப்புக் கலையாகவும் விளையாட்டாகவும் அறிவித்தது. அங்கே முதல் நாளே பிரம்பைக் கையில் கொடுத்துவிடுவார்கள், வெறுங்கை பிறகுதான். அடிகளுக்குப் பெயருக்குப் பதிலாக எண் கொடுத்திருக்கிறார்கள். ஒன்று என்றால் மேலிருந்து குறுக்காக இறங்கும் அடி, இரண்டு என்றால் அதன் எதிர்ப்பக்கம், இப்படிப் பல மரபுகளில் பன்னிரண்டு வரை போகும். எண் குறிப்பது கோணத்தை. அந்தக் கோணத்தில் வருவது பிரம்பா, கத்தியா, முஷ்டியா என்பது இரண்டாவது கேள்வி. மாணவர் பழகுவது கோணத்துக்கான கால்நகர்வும் பதிலும். இங்கே பொதுக் கூறு தற்செயலாக அமையவில்லை, பாடத்திலேயே கட்டிவைத்திருக்கிறார்கள். அதனால்தான் "ஆயுதமும் கையும் ஒன்றே" என்று எஸ்கிரிமாக்காரர் சொல்லும்போது அது எடுபடுகிறது. அதே வசனத்தை அலங்கார வீச்சு மட்டும் பழகியவர் சொன்னால் எடுபடாது.

அங்கேயும் மிகை உண்டு. எல்லா அசைவும் ஒன்றே என்பது முழு உண்மை இல்லை. பிரம்பால் அடிக்கும் வீச்சும் நெருங்கிப் பிடித்து மல்லுக்கட்டுவதும் ஒன்றாகாது. பிரம்பு பழகியவர் மல்யுத்தம் தெரிந்தவரிடம் கட்டிப்பிடியில் மாட்டினால் கோண எண்கள் உதவிக்கு வராது.

அர்த்தம் தெரிவது

இன்னொரு பலன் உண்டு, அதைப் பட்டியல்காரர்கள் சொல்வதே இல்லை. சில வெறுங்கை அசைவுகள் ஆயுதம் இல்லாமல் பார்த்தால் அர்த்தமற்றுத் தெரியும்.

ஐகிடோ நல்ல உதாரணம். மணிக்கட்டை இறுகப் பிடித்துத் தாக்குகிறவரை எதிர்கொள்ளும் பயிற்சி அதில் ஏராளம். தெருச் சண்டையில் யார் வந்து மணிக்கட்டைப் பிடிக்கிறார்கள் என்று கேலி செய்வார்கள். அந்த இடுப்பில் ஒரு வாளைக் கற்பனை செய்துகொண்டால் கேலி நின்றுவிடும். வாளை உருவும் கையைத்தான் முதலில் பிடிப்பார்கள். ஐகிடோவைத் தோற்றுவித்த உவெஷிபா மொரிஹெய் (1883–1969) இவாமா என்ற ஊரில் வாளையும் கோலையும் வெறுங்கையோடு சேர்த்தே பழகினார். அங்கே அவரிடம் பல ஆண்டுகள் இருந்த சாய்டோ மொரிஹிரோ (1928–2002) அந்தப் பயிற்சிகளை வரிசைப்படுத்தி, இவை மூன்றும் ஒன்றே என்று கற்பித்தார். வேறு பல ஐகிடோ பள்ளிகள் ஆயுதத்தை ஓரமாக வைத்துவிட்டன. என் பார்வையில் இவாமாக்காரர்கள் வலுவாக நிற்பது இந்த இடத்தில்தான். ஆயுதம் அவர்களுக்கு உடற்பயிற்சி இல்லை, வெறுங்கைப் பாடத்தின் உரைநூல். மூலம் மட்டும் கையில் இருந்து உரை தொலைந்துவிட்டால், மூலத்துக்கு ஆளுக்கொரு பொருள் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

ஒகினாவாவில் அந்தத் தொலைப்பு நடந்தது. கராத்தே பரம்பரையில் வரும் சகுகாவா பெயரிலேயே ஒரு புகழ்பெற்ற கோல் வரிசை இருக்கிறது. பழைய ஆட்கள் கையையும் கோலையும் ஒன்றாகத்தான் வைத்திருந்தார்கள். 1900களின் தொடக்கத்தில் இதோசு அங்கோ கராத்தேயைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவந்தார். பிள்ளைகளுக்கு ஏற்றபடி எளிய வரிசைகளை அமைத்தார். 1922இல் ஃபுனகோஷி கிச்சின் தோக்கியோவில் செய்துகாட்டினார், பிறகு அது பல்கலைக்கழகங்களுக்குப் பரவியது. பள்ளிக்கும் பல்கலைக்கழகத்துக்கும் போனது பெரும்பாலும் வெறுங்கைதான். ஆயுதம் 'கொபுதோ' என்ற தனிப் பெயரில் தனிக் கலையாகப் பிரிந்தது. ஃபுனகோஷியின் மாணவர் டைரா ஷின்கென் (1897–1970) சிதறிக்கிடந்த ஆயுத வரிசைகளைத் தேடித் தேடித் தொகுத்திருக்காவிட்டால் எத்தனை மிஞ்சியிருக்கும் என்று சொல்ல முடியாது. பள்ளிக்கூடம் கராத்தேயை உலகெங்கும் கொண்டுபோனது. அதற்குக் கொடுத்த விலையும் இருந்தது.

நமக்கு நடப்பது இதன் மறுபக்கம். ஒகினாவாவில் கை பள்ளிக்குப் போனது, கோல் வெளியே நின்றது. இங்கே கம்பு பள்ளிக்குப் போகிறது, குத்துவரிசை வெளியே நிற்கிறது. கம்பிலும் சுழற்சி உள்ளே போகிறது, எதிராளி வெளியே நிற்கிறார்.

களரியின் வரிசைமுறை

எதை முதலில் கற்பது, எதைக் கடைசியில் கற்பது என்பதில் ஒரு கலையின் எண்ணம் முழுதும் தெரிந்துவிடும். வடக்கன் களரியில் வரிசை இப்படி: முதலில் மெய்த்தாரி, உடலைப் பக்குவப்படுத்துவது. அடுத்து கோல்தாரி, மர ஆயுதங்கள். பிறகு அங்கத்தாரி, வாள், கேடயம், ஈட்டி போன்ற உலோக ஆயுதங்கள். கடைசியில்தான் வெறுங்கை. தெற்கே குமரிப் பக்கத்து அடிமுறையில் வெறுங்கைச் சுவடுகளிலிருந்தே தொடங்குவார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆனால் வடக்கன் முறையில் வெறுங்கை ஏன் கடைசி என்று யோசித்தால் ஒரு முக்கியமான பதில் கிடைக்கிறது. அங்கே வெறுங்கை என்பது ஆயுதம் வைத்திருப்பவரை ஆயுதமில்லாமல் எதிர்கொள்வது. ஆயுதம் என்ன செய்யும் என்று தெரியாதவர் அதன் முன் வெறுங்கையோடு நிற்கக் கூடாது. அதனால்தான் அது கடைசிப் பாடம், ரொம்பப் பேருக்குக் கிடைக்காத பாடம்.

இதை நம் ஊர்த் 'தற்காப்பு' வகுப்புகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்து நாள் முகாமில் கத்தி பிடுங்கச் சொல்லித் தருகிறார்கள். கத்தி வைத்திருப்பவர் ஒரே ஒரு குத்து குத்திவிட்டு, நீட்டிய கையை நீட்டியபடி வைத்துக்கொண்டு காத்திருப்பார். பயிலும் பெண் மணிக்கட்டைத் திருகுவார், கத்தி விழும், எல்லோரும் கை தட்டுவார்கள். நான் இதைப் பல இடங்களில் பார்த்துவிட்டேன். பார்க்கும்போதெல்லாம் வயிற்றைக் கலக்குகிறது.

இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு. செலவு இருபது ரூபாய். சொல்லித் தருகிறவருக்கு வெள்ளைப் பனியன் போட்டுவிடுங்கள். எதிராளி கையில் கத்திக்குப் பதில் மார்க்கர் பேனா. "குத்திட்டுக் கையை உடனே இழுத்துக்கோ, இழுத்துட்டு மறுபடியும் குத்து" என்று மட்டும் அவருக்குச் சொல்லுங்கள். பத்து வினாடி போதும். பிறகு பனியனைப் பாருங்கள். கோடுகளை எண்ணினால் அந்த முகாமின் சான்றிதழ் மதிப்பு தெரிந்துவிடும்.

ஆயுதம் உண்மையில் பழகியவர் இந்தப் பாடத்தை இப்படிச் சொல்லித் தரவே மாட்டார். நீட்டிய கை ஒரு நொடிகூட நீட்டியபடி இருக்காது என்பது அவர் கைக்கே தெரியும். எஸ்கிரிமாவில் ஆயுதத்தைப் பிடுங்குவதற்கு முன் ஆயுதம் ஏந்திய கையை அடித்து முடக்கச் சொல்வார்கள். அதற்கும் நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும். எதுவும் இல்லாவிட்டால் ஓடு, முடியாவிட்டால் நாற்காலியையோ பையையோ நடுவில் வை, பிடுங்குவது கடைசிக்கும் கடைசி என்பார். வெறுங்கைக் கலைஞருக்கு ஆயுதப் பயிற்சி தரும் மிகப் பெரிய பலன் என்று நான் நினைப்பது இதைத்தான். அது எங்கே தோற்போம் என்று கற்றுக்கொடுக்கிறது. வீரம் வளரும் என்று சொல்லி விற்கப்படும் ஒரு பயிற்சி, சரியாகச் செய்தால், அளவான பயத்தை வளர்க்கிறது. அந்தப் பயம் உயிர் காக்கும். பத்து நாள் முகாமின் தைரியம் உயிரை வாங்கக்கூடும்.

ஆசான்கள் சொல்லும் மறுப்பு

இதைப் பேசினால் சிலம்ப ஆசான்கள் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். அவை லேசில் தள்ளக்கூடியவை இல்லை.

முதல் பதில்: "ஆளுக்கு ஆள் விட்டா பசங்களுக்கு அடிபடும். பெத்தவங்க அடுத்த நாளே நிறுத்திடுவாங்க." உண்மை. நாற்பது பிள்ளைகள், ஒரு வாத்தியார், பள்ளி மைதானத்தில் ஒரு மூலை. இந்த நிலையில் தனி வீச்சுதான் பாதுகாப்பு. இரண்டாவது: "தனி வீச்சுல பரிசு இருக்கு, மேடை இருக்கு." அதுவும் உண்மை. மூன்றாவது: "இது சண்டை மட்டுமில்லை, நம்ம பண்பாடு. அழகும் வேணும்." முழுதும் ஒத்துக்கொள்கிறேன். திருவிழாவில் தீப்பந்தம் சுழலும் அழகுக்கு எந்தக் கணக்கும் தேவையில்லை. அலங்காரச் சிலம்பம் ஓர் ஆட்டக்கலையாக நிமிர்ந்து நிற்கலாம். அதைத் தற்காப்பு என்ற பெயரில் விற்பதில் மட்டும்தான் எனக்குத் தகராறு.

முதல் பதிலுக்கு வழி இருக்கிறது. போட்டிகளில் தொடுமுறை என்ற பிரிவு ஏற்கெனவே உண்டு. எதிராளியைக் கம்பால் தொட்டால் புள்ளி. அதற்கும் குறை உண்டு. லேசான தொடுதலுக்குப் புள்ளி கிடைக்கும்போது, பதிலடியைப் பற்றிக் கவலைப்படாமல் எட்டித் தொடுகிற பழக்கம் வந்துவிடும். கெண்டோவும் வாள்வீச்சும் இந்தச் சிக்கலோடு காலங்காலமாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கின்றன. ஆனாலும் அங்கே எதிரே ஆள் இருக்கிறார், தூரம் இருக்கிறது, ஏமாற்று இருக்கிறது. ஒரு கூடத்தில் எதையாவது காப்பாற்ற வேண்டுமென்றால் இதைத்தான் காப்பாற்ற வேண்டும்.

அன்றாட வகுப்புக்கு நான் சொல்வது மிகச் சின்ன மாற்றம். மூன்றில் ஒரு பங்கு நேரம் ஜோடியாக. கம்பு நுனியில் துணி சுற்றிக்கொள்ளலாம். ஒருவர் மெதுவாகக் குத்துவார், நுனி உடலுக்கு ஒரு சாண் முன்னால் நிற்க வேண்டும். மற்றவர் கையில் ஒன்றும் இல்லை. வேண்டிய அளவுக்கு மட்டும் காலடியால் விலக வேண்டும், ஒரு சாண்கூட அதிகமாக விலகக் கூடாது. பழகப் பழக வேகம் கூட்டலாம், கோணம் மாற்றலாம். நுனியைப் பார்க்காதே, தோளைப் பார் என்று சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். கடைசிப் பத்து நிமிடம் கம்பைக் கீழே வைத்துவிட்டு, அதே காலடி, அதே கோணம், இப்போது முஷ்டி.

இந்தக் கடைசிப் பத்து நிமிடத்தைத் தவறவிடக் கூடாது. பொதுக் கூறு இருந்தாலும் அது தானாகக் கடந்து வராது, யாராவது பாலம் போட வேண்டும். கம்பு ஒரு நாள், குத்துவரிசை வேறொரு நாள் என்று பிரித்து வைத்துவிட்டு, மாணவர் மனத்துக்குள் இரண்டும் தாமாகச் சேர்ந்துகொள்ளும் என்று எதிர்பார்ப்பது, அரிசியையும் உளுந்தையும் தனித்தனிப் பானையில் போட்டுவிட்டு மாவு புளிக்கக் காத்திருப்பது மாதிரி.

முடிவாக

பட்டியலுக்குத் திரும்பினால் தேறுவது இவ்வளவு: தூரம், நேரம், எதிராளியின் உடலைப் படிப்பது, கோணத்துக்கேற்ற காலடி, சில பழைய அசைவுகளின் அர்த்தம், நியாயமான பயம். தேறாதவை: குத்தின் பலம், பொதுவான அனிச்சை, தானாக வரும் வெறுங்கைத் திறமை. தேறியவை எல்லாமே எதிரே ஆள் நிற்கும் பயிற்சியிலிருந்து வருகின்றன. தேறாதவை எல்லாம் தனியாகச் சுற்றும் பயிற்சியின் பெயரில் விற்கப்படுகின்றன.

கராத்தேக்காரர்களோ குங்ஃபூக்காரர்களோ என்னிடம் "கூடவே ஒரு ஆயுதம் கத்துக்கலாமா?" என்று கேட்டால், கத்துக்கோங்க என்பேன். எந்த ஆயுதம் என்பது இரண்டாம் பட்சம். சேருவதற்கு முன் ஒரே ஒரு விஷயத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்: அந்தக் கூடத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் ஒருவர் முன்னால் இன்னொருவர் நிற்கிறார்? பெண்ணைத் தற்காப்புக்கு அனுப்பும் பெற்றோரும் கேட்க வேண்டிய கேள்வி இதுவே. பதில் பூஜ்யம் என்றால், பிள்ளை அழகான ஒரு கலையைக் கற்றுக்கொள்ளும், உடம்புக்கும் நல்லது, தாராளமாக அனுப்பலாம். இரவு பஸ் ஸ்டாண்டில் அது காப்பாற்றும் என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லி அனுப்பாதீர்கள்.